பைலட் பயிற்சி இல்லீங்க, பிலாட்டீஸ்!



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள்.

போன மாதம் ஒரு கல்யாண மண்டபத்தில் நம் பழைய மாணவர்கள் பத்துப் பதினைந்து பேர் ஒன்றாகச் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் நாற்பதைத் தாண்டியாயிற்று. பாதிப் பேருக்குத் தலை முன்னால் போகிறது, உடம்பு பின்னால் வருகிறது. "டீச்சர், நீங்க மட்டும் எப்படி அப்படியே இருக்கறீங்க?" என்று கேட்டார்கள். அப்படியே எல்லாம் இல்லை, ஆறு வருடமாக வாரம் மூன்று நாள் பிலாட்டீஸ் வகுப்புக்குப் போகிறேன் என்றேன். "பைலட்டா? பிளேன் ஓட்டறதுக்கா டீச்சர்?" என்றான் ஒருவன். அவனைச் சொல்லிக் குற்றமில்லை. 2019இல் நான் இதில் சேர்ந்தபோதே, "டீச்சரம்மா ரிட்டயர்டு ஆனதும் பைலட் படிக்கப் போவுது" என்று எங்கள் தெருவில் ஒரு செய்தி ஓடியது. காய்கறி வண்டிக்காரர் கூட, "கண்ணு நல்லாத் தெரியுதுங்களாம்மா?" என்று விசாரித்தார்.

சாப்பாட்டுப் பந்தியில் நின்றுகொண்டு விளக்க முடியவில்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

எல்லாம் என் எஸ்.ஆரில் இருந்து ஆரம்பித்தது. அரசுப் பணியில் இருப்பவர்களுக்குத் தெரியும், பணிப்பதிவேட்டின் முதல் பக்கத்தில் உயரமும் அங்க அடையாளங்களும் எழுதியிருப்பார்கள். 1984இல் நான் வேலையில் சேர்ந்தபோது 157 சென்டிமீட்டர். 2019 மே 31 அன்று ஓய்வு. அதற்கு முன்னால் பென்ஷன் கருத்துரு தயார் செய்யும்போது மறுபடியும் உயரம் எழுத வேண்டிவந்தது. ஒன்றாம் வகுப்புச் சுவரில் குழந்தைகளை அளக்கப் பெயிண்டில் அளவுகோல் வரைந்திருக்கிறோமே, அதில் சும்மா ஒரு விளையாட்டுக்கு நின்றேன். பக்கத்தில் இருந்த ஆசிரியை தலைக்கு மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்துவிட்டு, "நூத்தி அம்பத்து மூணரைதான் வருதுங்க டீச்சர்" என்றார். மறுபடி நின்றேன். அதே மூன்றரை. அலுவலக எழுத்தர் ரொம்ப நல்ல மனிதர். "எஸ்.ஆர்.ல இருக்கறதையே போட்டுக்கலாமுங்க" என்று 157 என்றே எழுதிவிட்டார். அரசாங்கக் கணக்கில் நான் இன்றைக்கும் 157தான்.

எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸில் அம்மா ஞாபகம் வந்துவிட்டது.

என் அம்மாவை உங்களில் சிலர் பார்த்திருப்பீர்கள். 2003இல் காலமானார். கடைசிப் பத்து வருடம் அவர் பார்த்தது தரையைத்தான். முதுகு அப்படி வளைந்துவிட்டது. வாசலில் யார் வந்தாலும் காலைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவார். நான் போய் நின்றால், "மிஞ்சி தேஞ்சு கெடக்குது, மாத்தக் கூடாதா?" என்பார். என் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நான் அவர் முன்னால் தரையில் உட்கார வேண்டும். வருடா வருடம் சேலையை இன்னும் ஒரு சுற்று மேலே ஏற்றிச் செருகுவார். மல்லாந்து படுக்க முடியாது, மூன்று தலையணை வேண்டும். வயிறு மடங்கிக் கிடந்ததால் நாலு வாய்க்கு மேல் சாப்பிட முடியாது. ஒருவரும் ஒரு எக்ஸ்ரே எடுக்கவில்லை. வயதானால் கூன் விழும் என்று ஊரே நம்பியது, அம்மாவும் நம்பினார். எலும்பு அடர்த்தி குறைந்து, முதுகெலும்புகள் ஒவ்வொன்றாகச் சத்தமில்லாமல் நசுங்கித்தான் பெரும்பாலும் அந்தக் கூன் விழுகிறது என்று எனக்குப் பின்னால் டாக்டர் படம் வரைந்து காட்டினார். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கு இந்த எலும்புத் தேய்மானம் வேகமாக நடக்கும். மூன்று நான்கு சென்டிமீட்டர் உயரம் குறைந்தால் அதைப் பரிசோதிக்காமல் விடக்கூடாது.

எனக்கு எக்ஸ்ரேயில் எலும்பு எதுவும் நசுங்கவில்லை. டெக்ஸா என்று எலும்பு அடர்த்தி பார்க்கும் ஸ்கேனில் மைனஸ் 1.9 என்று வந்தது. மைனஸ் 1 வரை சரி. மைனஸ் 2.5க்குக் கீழே போனால் ஆஸ்டியோபோரோசிஸ். நடுவில் இருப்பது ஆஸ்டியோபீனியா. நம் பாஷையில் சொன்னால் பார்டர் பாஸ். கால்சியம், வைட்டமின் டி எழுதிக்கொடுத்தார், நடக்கச் சொன்னார். "முதுகுத் தசைக்கு வேலை குடுங்கம்மா, தெரிஞ்சவங்ககிட்டக் கத்துக்கிட்டுப் பண்ணுங்க" என்று ஒரு பிசியோதெரபிஸ்ட் இடத்துக்கு அனுப்பினார். அங்கேதான் பிலாட்டீஸ் என்ற சொல்லையே முதன்முதலாகக் கேட்டேன்.

உள்ளே போனதும் எனக்குத் தோன்றியது, இது என்ன தறிப்பட்டறையா என்றுதான். கட்டில் மாதிரி ஒரு நீளமான மரச்சட்டம். அதன் மேல் சக்கரத்தில் முன்னும் பின்னும் ஓடுகிற மெத்தைப் பலகை. பலகையை இழுத்துப் பிடிக்கும் ஸ்பிரிங்குகள். இரண்டு கயிறு, காலை வைத்து உந்த ஒரு கம்பி. இதற்கு ரிஃபார்மர் என்று பெயர். ஆனால் எனக்கு முதல் ஆறு மாதம் தரையில் விரித்த பாயில்தான் வகுப்பு.

ஆடைக்குப் பெரும்பாடு. 35 வருடம் காட்டன் சேலையைத் தவிர வேறு தெரியாது. ட்ராக் பேன்ட் வாங்கக் கடைக்குப் போனால் விற்கிற பையன், "பொண்ணுக்கு என்ன சைஸுங்கம்மா?" என்கிறான். எனக்குத்தான் தம்பி என்றதும், பாவம், அவனுக்கு வெட்கமாகிவிட்டது. வீட்டில் இருந்து சேலையிலேயே போய் அங்கே மாற்றிக்கொள்வேன். ஒரு வருடம் கழித்துத்தான் வீட்டில் இருந்தே சுடிதாரில் கிளம்பினேன். தெரு ஒன்றும் இடிந்து விழவில்லை.

கட்டணம் அப்போது மாதம் 3,000 ரூபாய். எங்கள் வீட்டுக்காரர் கணக்குக் கேட்டார். முதல் வாரம் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்றார். மூச்சு விடச் சொல்லிக்கொடுத்தார்கள் என்றேன். "மாசம் மூவாயிரம் குடுத்து மூச்சு வுடக் கத்துக்கறயா? நான் அறுபது வருசமா ஓசியிலயே வுட்டுட்டு இருக்கறனே" என்றார். சொந்தக்காரர் ஒருவர் விடாமல் எல்லா விசேஷத்திலும் இதைச் சொல்லிச் சிரிப்பார். யாரென்று அவருக்கே தெரியும்.

ஆனால் மூச்சுதான் இதில் பாதி. நுரையீரல் மாதிரி செய்தோமே, ஞாபகம் இருக்கிறதா? பிளாஸ்டிக் பாட்டிலுக்குள் இரண்டு பலூன், அடியில் கட்டிய ரப்பர் தாள். ரப்பரைக் கீழே இழுத்தால் பலூன் விரியும், விட்டால் சுருங்கும். அந்த ரப்பர்தான் உதரவிதானம். வருடா வருடம் அதைச் செய்து காட்டியிருக்கிறேன். 58 வயதில் மல்லாந்து படுத்து, விலா எலும்பின் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு, அந்த ரப்பர் தாள் எனக்குள்ளே இறங்கி ஏறுவதைக் கவனித்தபோது ஒரு குழந்தை மாதிரி சந்தோஷமாக இருந்தது.

கதை அந்த ரப்பரோடு முடியவில்லை. வயிற்றுப் பகுதியை ஒரு பெட்டியாக நினைத்துக்கொள்ளுங்கள். மூடி உதரவிதானம். முன்னாலும் பக்கவாட்டிலும் பெல்ட் போலச் சுற்றியிருக்கும் உள்வயிற்றுத் தசை. பின்னால் முதுகெலும்புக் கண்ணிகளைக் கட்டிப் பிடித்திருக்கும் சின்னச் சின்னத் தசைகள். அடித்தட்டு, இடுப்புத்தளத் தசை. இந்த நாலும் சேர்ந்து வேலை செய்தால் முதுகுத்தண்டுக்கு உள்ளிருந்தே தாங்கல் கிடைக்கும். பிலாட்டீஸில் எந்தப் பயிற்சி செய்தாலும், கை தூக்கினாலும் கால் நீட்டினாலும், முதலில் இந்தப் பெட்டியைக் கட்டிக்கொண்டுதான் அசைய வேண்டும். மூக்கால் இழுத்த மூச்சை, சிரமப்படும் நேரத்தில் வாயால் வெளியே விட வேண்டும். நானோ சிரமம் வந்தால் மூச்சை அடைத்துக்கொள்கிற ஜாதி. அரிசி மூட்டை நகர்த்தும்போது நாம் எல்லோரும் அப்படித்தானே. "டீச்சர், மூச்சு... மூச்சு விடுங்க" என்று அந்தப் பெண் நாளைக்கு இருபது தரம் சொல்லுவாள்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்போது அவளுக்கு 26 வயது. ஆசிரியர் பயிற்சி முடித்தவள் அல்ல, பிசியோதெரபி படித்தவள். ஆனால் நான் பார்த்த நல்ல ஆசிரியர்களில் ஒருத்தி. என்னிடம் ஒரே நேரத்தில் எட்டுத் தப்பு இருக்கும். தோள் காதுக்கு ஏறியிருக்கும், பல்லைக் கடித்திருப்பேன், முட்டி கோணியிருக்கும். அவள் எட்டையும் சொல்ல மாட்டாள். ஒன்றை மட்டும் சொல்வாள். அது சரியான பிறகுதான் அடுத்தது. 2007-08இல் மாநிலம் முழுக்கச் செயல்வழிக் கற்றல் வந்தபோது நம் வகுப்பில் ஏணி ஒட்டியிருந்தோமே, ஒரு படி முடித்தவர்கள் தான் அடுத்த படிக்கு, அவரவர் வேகத்தில். அதேதான் இது. பக்கத்துப் பாயில் இருந்த முப்பது வயதுப் பெண் என்ன செய்கிறாள் என்று நான் எட்டிப் பார்த்தால், என் தலையை மெதுவாகத் திருப்பி விட்டத்தைப் பார்க்க வைத்துவிடுவாள். குப்புறப் படுத்தால் எனக்கு இடது வலது குழம்பும். "சுண்ணாம்புக்கட்டி பிடிக்கற கை டீச்சர்" என்பாள். உடனே வலது கை எழும்பும்.

அந்தக் கை ஒரு தனிக் கதை. 35 வருடம் அதை உயர்த்திப் பிடித்துக் கரும்பலகையில் எழுதியதில் என் வலது தோள் இடது தோளைவிட மேலே நின்றுவிட்டது. இது வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு ஜாக்கெட் தைக்கிறவருக்கு மட்டும் தெரியும். "வலது பக்கம் அரை இன்ச்சு ஏத்தித்தானுங்க டீச்சர் எப்பவும் வெட்டறது" என்று சர்வ சாதாரணமாகச் சொன்னார். இப்போது கால் இன்ச்சு போதும் என்கிறார்.

இந்தப் பயிற்சிக்குப் பெயர் கொடுத்தவர் ஜோசப் பிலாட்டீஸ் என்ற ஜெர்மன்காரர். 1883இல் பிறந்தவர். சின்ன வயதில் ஆஸ்துமா, ரிக்கெட்ஸ் எல்லாம் இருந்த நோஞ்சான் பையன். ரிக்கெட்ஸ், வைட்டமின் டி குறைந்தால் வரும் நோய், ஐந்தாம் வகுப்பு அறிவியலில் படித்தது. உடம்பைத் தேற்றிக்கொள்ள ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை என்று எல்லாவற்றையும் முயன்றார். முதல் உலகப்போர் வந்தபோது இங்கிலாந்தில் இருந்தார். எதிரி நாட்டவர் என்று முகாமில் அடைத்துவிட்டார்கள். மேன் தீவில் இருந்த அந்த முகாமில் கூட இருந்தவர்களுக்குப் பயிற்சி கொடுத்துத் தன் முறையை உருவாக்கினார். படுக்கையில் கிடந்த நோயாளிகளுக்காகக் கட்டிலில் ஸ்பிரிங் கட்டினார், ரிஃபார்மர் அதில் இருந்து வந்தது என்று சொல்வார்கள். 1920களில் நியூயார்க் போய் மனைவி கிளாராவோடு பயிற்சிக்கூடம் நடத்தினார். அடிபட்ட நடனக் கலைஞர்கள் எல்லாம் அவரிடம் வந்தார்கள். அவர் இதற்கு வைத்த பெயர் கன்ட்ராலஜி, கட்டுப்பாட்டுக் கலை என்று வைத்துக்கொள்ளலாம். 1945இல் எழுதிய புத்தகத்தில் பாயில் செய்யும் 34 பயிற்சிகளைப் படத்தோடு கொடுத்திருக்கிறார். 1967இல் 83 வயதில் இறந்தார்.

இதைக் கேட்டதும் என் அண்ணன் மனைவி, எங்கள் பெரிய நங்கையா, "நம்மூரு யோகா இருக்கறப்ப வெள்ளைக்காரனோடது எதுக்குக் கண்ணு?" என்றார். நங்கையாவிடம் சண்டை போட முடியாது. யோகாவோடு எனக்குச் சண்டையும் கிடையாது. யோகா வகுப்பு மண்டபத்தில் ஐம்பது பேரோடு நடந்தது. இங்கே ஆறு பேர். என் ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படித்துவிட்டு, எனக்கு எதைக் கொடுக்கக்கூடாது என்று தெரிந்த ஒருத்தி பக்கத்தில் இருந்தாள். அவ்வளவுதான் வித்தியாசம். அப்படி ஒரு யோகா ஆசிரியர் வீட்டுப் பக்கத்தில் கிடைத்திருந்தால் நான் அங்கே போயிருப்பேன்.

எதைக் கொடுக்கக்கூடாது என்பது முக்கியம். அந்த 34இல் முதல் பயிற்சி நூறு என்பது. படுத்துக்கொண்டு தலையையும் தோளையும் தூக்கி, காலை நீட்டி, கையை மேலும் கீழுமாக நூறு தரம் அடிக்க வேண்டும். ஐந்து எண்ணும்வரை மூச்சு உள்ளே, ஐந்து எண்ணும்வரை வெளியே. பத்து மூச்சில் நூறு. எனக்குத் தலையைத் தூக்க அனுமதி இல்லை. எலும்பு மெலிந்தவர்கள் முதுகை முன்னால் சுருட்டி எழுவதும், பந்து மாதிரி உருளுவதும், குனிந்தபடி முறுக்குவதும் கூடாது. எலும்பின் முன்பக்கம் நசுங்கிவிடலாம். எனக்குக் கொடுத்தவை பெரும்பாலும் குப்புறப் படுத்து மார்பைத் தூக்குவது, நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையும் காலும் நீட்டுவது, பாலம் போல இடுப்பை உயர்த்துவது. ஆக, போனில் யாரோ செய்வதைப் பார்த்து நீங்களாக ஆரம்பிக்காதீர்கள். டிஸ்க் தொந்தரவு, சமீபத்தில் ஆபரேஷன், கட்டுப்படாத ரத்த அழுத்தம், கண்ணில் அழுத்தம் இருப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்ததும் வகுப்பு செல்போனுக்குள் வந்துவிட்டது. போனை அரிசி டப்பாமேல் சாய்த்து வைத்து ஹாலில் பாய் விரிப்பேன். அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்து ஓரக்கண்ணால் பார்ப்பார். மூன்றாம் மாதம் பாலப் பயிற்சி மட்டும் தன் பங்குக்குச் செய்ய ஆரம்பித்துவிட்டார். ஓசியில்தான்.

இனி எழுதப்போவதை எழுதலாமா வேண்டாமா என்று நாலு நாள் யோசித்தேன். மாணவர்கள் படிப்பார்கள், கொழுந்தனார் படிப்பார், சம்பந்தி வீட்டார் படிப்பார்கள். படிக்கட்டும்.

சேர்ந்த முதல் நாள் ஒரு படிவம் நிரப்பச் சொன்னார்கள். முதுகு வலி உண்டா, மூட்டு வலி உண்டா என்ற வரிசையில் ஒரு கேள்வி. இருமும்போது, தும்மும்போது சிறுநீர் கசிகிறதா? என் வாழ்நாளில் எந்த டாக்டரும் என்னிடம் கேட்காத கேள்வி. உண்டு என்று எழுதினேன். இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு லேசாக ஆரம்பித்தது. ஐம்பதைத் தாண்டியதும் அதிகமாயிற்று. பனிக்காலத்தில் சளி பிடித்தால் கைப்பையில் மாற்று உள்பாவாடை இல்லாமல் பள்ளிக்கு வர மாட்டேன். ஆண்டு விழாவில் உங்கள் நாடகத்துக்கு நான் ஏன் விழுந்து விழுந்து சிரிக்காமல் உதட்டை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன் என்று இப்போது தெரியும்.

பள்ளிக்கூடங்களுக்கும் இதில் பங்கு உண்டு. நான் முதலில் வேலைக்குச் சேர்ந்த பள்ளியில் கழிப்பறையே கிடையாது. மத்தியானம் ஆசிரியைகள் இரண்டு பேராகச் சேர்ந்து பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்குப் போவோம். அவர்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்காவது போயிருந்தால் சாயங்காலம் வரை அடக்க வேண்டியதுதான். அதனால் தண்ணீர் குடிக்க மாட்டோம். மேல்வகுப்புப் பெண் பிள்ளைகளும் அப்படித்தான் இருந்தீர்கள். எனக்குத் தெரியும்.

பெட்டியின் அடித்தட்டு என்றேனே, இடுப்புத்தளத் தசை, அதுதான் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் எல்லாவற்றையும் தொட்டில் மாதிரி தாங்குகிறது. பிரசவத்திலும் வயதிலும் அது தளர்கிறது. கை கால் தசைக்குப் பயிற்சி கொடுப்பது போல இதற்கும் கொடுக்கலாம். அந்தப் பெண் லிஃப்ட் மேலே போவது மாதிரி நினைக்கச் சொன்னாள். எனக்கு லிஃப்டில் பழக்கம் இல்லை. கிணற்றில் தண்ணீர் சேந்துவதை நினைத்துக்கொண்டேன். மூச்சை வெளியே விட்டுக்கொண்டே வாளியை மெதுவாக மேலே இழுக்க வேண்டும். கொஞ்சம் நிறுத்த வேண்டும். பிறகு கயிற்றைத் தடால் என்று விடாமல் மெதுவாகக் கீழே இறக்க வேண்டும். முழுக்க இறக்குவதும் இழுப்பது போலவே முக்கியம். எந்நேரமும் இறுக்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாலும் தசை கெட்டுவிடும். என் கிணற்று உவமையை இப்போது அவள் மற்றவர்களுக்கும் சொல்லிக்கொடுக்கிறாள்.

மூன்று மாதம் தினமும் செய்தேன். ஒருநாள் ரசப்பொடிக்கு மிளகாய் வறுத்தபோது நெடி ஏறி ஐந்து நிமிடம் விடாமல் இருமினேன். இருமி முடித்து அடுப்பை அணைத்த பிறகுதான் கவனித்தேன், ஒன்றும் ஆகவில்லை. சமையலறையில் தனியாக நின்று சிரித்தேன். நன்றாக, சத்தமாக.

இதை வெளியே எழுதச் சொன்னது ஒரு பழைய மாணவி. பெயர் வேண்டாம். ஐந்தாம் வகுப்பில் ஓட்டப்பந்தயத்தில் பையன்களையே முந்துகிறவள். இப்போது நூல்மில்லில் வேலை, எட்டு மணி நேரம் நிற்க வேண்டும். மூன்று குழந்தைகள். வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தவள் ஒரு மணி நேரத்தில் மூன்று தரம் பாத்ரூம் போனாள். போகும்போது வாசல்படியில் நின்று, "அக்கா மக கல்யாணத்துக்குக்கூட மணவறைப் பக்கம் போகலீங் டீச்சர். வாடை வந்துருமோன்னு கடைசி நாற்காலியிலயே உக்காந்துட்டேன்" என்றாள். 41 வயது. வீட்டுக்காரரிடம் சொன்னாயா என்றேன். இல்லை. அம்மாவிடம்? "அம்மாளுக்கும் அப்படித்தானுங்களே. பொம்பளைன்னா அப்படித்தான்னு சொல்லுச்சு."

கூன் என்றால் வயதானால் விழும் என்று என் அம்மாவிடம் சொன்னார்களே, அதே பதில்.

மறுநாளே கூட்டிக்கொண்டு போனேன். மாதம் மூவாயிரம் அவளால் முடியாது. பிசியோதெரபிஸ்ட் பெண் நாலே தடவை வரச் சொல்லி, வீட்டில் செய்யவேண்டியதை மட்டும் சொல்லிக்கொடுத்தாள். முதலில் டாக்டரிடம் காட்டிச் சிறுநீர்த் தொற்று, சர்க்கரை எதுவும் இல்லை என்று பார்த்துக்கொண்டோம். கர்ப்பப்பை இறக்கம் இருக்கிறதா என்றும் பார்த்தார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் பிசியோதெரபி பிரிவு உண்டு, அங்கே கேட்டாலும் சொல்லித்தருவார்கள். மில்லில் நூல் அறுந்தால் முடிச்சுப் போடும் ஒவ்வொரு தடவையும் ஒரு வாளி சேந்துவதாக அவள் கணக்கு வைத்துக்கொண்டாள். முழுக்க நின்றுவிட்டதா என்றால் இல்லை. ஆனால் போன தை மாதம் மகனுடைய பள்ளி விளையாட்டு விழாவில் அம்மாக்களுக்கு வைத்த ஓட்டப்பந்தயத்தில் ஓடியிருக்கிறாள். மூன்றாம் பரிசு, ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். அதைக் கையில் பிடித்து எனக்குப் போட்டோ அனுப்பினாள்.

இதெல்லாம் செய்து எனக்கு என்ன கிடைத்தது என்று கணக்குக் கேட்பவர்களுக்கு: போன உயரம் திரும்பவில்லை. 154 இருக்கிறேன். அந்த அரை சென்டிமீட்டர், நிமிர்ந்து நிற்பதால் கிடைத்தது. எலும்பு அடர்த்தி ஸ்கேன் கிட்டத்தட்ட அதே எண்ணில் நிற்கிறது, இன்னும் இறங்கவில்லை. அதற்கு மாத்திரையும் நடையும் காரணம் என்கிறார் டாக்டர். பிலாட்டீஸ் எலும்பை வளர்த்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் கீழே உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழுகிறேன். பஸ் படிக்கட்டில் ஏறும்போது பயமில்லை. மாடியில் துணி காயப்போடும்போது கொடிக்குக் கை எட்டுகிறது. மாலை ஆனால் தோள்பட்டைகளுக்கு நடுவில் ஒரு கல்லை வைத்தது மாதிரி கனக்குமே, அது இல்லை.

நீங்கள் வீட்டிலேயே ஒன்று பார்த்துக்கொள்ளலாம். சுவரில் குதிகால், பின்பக்கம், முதுகு மூன்றும் படும்படி நில்லுங்கள். முகவாயைத் தூக்காமல் நேராகப் பாருங்கள். பின்தலை சுவரில் படுகிறதா? 2019இல் என் தலைக்கும் சுவருக்கும் நடுவில் நாலு விரல் போகும். இப்போது ஒரு விரல். உங்கள் அம்மாவையும் அப்படி நிற்க வைத்துப் பாருங்கள். அவருடைய பழைய அடையாள அட்டை எதிலாவது உயரம் எழுதியிருந்தால் அதையும் எடுத்து ஒப்பிடுங்கள்.

பெண் பிள்ளைகள் யாருக்காவது அந்த இன்னொரு விஷயம் கேட்க வேண்டியிருந்தால் இங்கே எல்லோர் முன்னாலும் கேட்க வேண்டாம், எனக்குப் போன் செய்யுங்கள். திங்கள், புதன், வெள்ளி காலை ஏழில் இருந்து எட்டரை வரை வகுப்பில் இருப்பேன், எடுக்க மாட்டேன். மத்தியானம் இரண்டில் இருந்து நாலு வரை தூங்குவேன், அப்போதும் வேண்டாம்.